அவள் எப்போது தூங்குவாள்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீ நலமாகத்தான் இருப்பாய். வாயைத் திறக்காமல் இருக்கிறவர்களுக்கு என்ன கேடு வரப்போகிறது. அந்தத் தியான மையத்தில் போனும் கூடாது, மாதம் ஒரு கடிதத்துக்கு மேல் நீ எழுதவும் கூடாது என்பதால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பாட்டு வேலை. கண் மருத்துவமனையில் "நாற்பத்தேழு வாங்க, நாற்பத்தெட்டு ரெடியா இருங்க" என்று டோக்கன் கூப்பிடுகிற இப்போதைய வேலை மாதிரி இல்லை. பஸ்ஸில் ஒன்பது மணி நேரத் தூரத்தில் ஓர் இசைப் பள்ளி. குழந்தைகளுக்குக் குரல் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மருந்து வைக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பாடிப் பதிந்து அனுப்பினேன். வேடிக்கைக்குத்தான் அனுப்பினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எடுத்துக்கொண்டார்கள். மே இரண்டாம் தேதி சேர வேண்டும். வருகிறேனா இல்லையா என்று மார்ச் மாதம் முடிவதற்குள் எழுத வேண்டும்.

நாற்பத்தாறு வயதில் ஒருத்தியைப் பாடக் கூப்பிடுகிறார்கள். நம்ப முடிகிறதா உனக்கு?

ஆனால் அப்பா இருக்கிறார். பக்கவாதம் வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது; வலப்பக்கமும் பேச்சும் போனது போனதுதான். பகலெல்லாம் மாடி வீட்டு ரிடையர்டு டீச்சர் வந்து உட்காருகிறார், அதனால் வேலைக்குப் போய்வர முடிகிறது. பகலில் கஞ்சித் தண்ணீர்தான் இறங்கும்; சாயங்காலம் ஏழு மணிச் சோறுதான் சிக்கல். நான் பாடினால்தான் அவர் சாப்பிடுவார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு வாய்கூட இறங்காமல், மூக்கில் குழாய் போடலாம் என்று சொன்ன நிலைமையில் நான் பாடிப் பார்த்தேன். நீ எழுதி அப்பா மெட்டுப் போட்ட அந்தக் கடல் பாட்டைத்தான். அன்றைக்குச் சாப்பிட்டார். அன்று பிடித்தது, நாலு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலோடும் பாடியிருக்கிறேன். மூன்றாவது அடி வரும்போது இடது கையால் கட்டில் கம்பியில் மூன்று தட்டுத் தட்டி, உள்ளங்கையை விரித்து வைப்பார். அப்புறம் வாயைத் திறப்பார். பாட்டை நிறுத்திவிட்டு ஊட்டுவேன். நடுவில் வாயை மூடிக்கொண்டால் மறுபடி ஆரம்பிப்பேன், உடனே திறந்துவிடுவார். உடற்பயிற்சி செய்விக்க வருகிறவர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, தாளமெல்லாம் போடுறாரே உங்கப்பா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு வருஷம் வந்து அப்பாவோடு இரு. இதுவரைக்கும் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சலவை அறையில் நின்றுகொண்டே படித்தேன். மகிழ்ச்சி. உன் குரலுக்கு இது தாமதமாக வந்த நியாயம்.

வருவதைப் பற்றி. இங்கே எதையும் அவசரமாக முடிவு செய்யக்கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள். ஒரு கேள்வி வந்தால் அதற்குப் பதில் தேடாமல் அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் உட்கார்ந்திருந்தேன். மனிதன் தனக்கு விதிக்கப்பட்ட இடத்தில் முழுமையாக இருப்பதுதான் தவம் என்று தோன்றியது. நீ அங்கே பாடுவதும் ஒரு தவம்தான் அக்கா. அம்மா இருந்தபோது சொன்ன கதையில் வருகிற பெண், கடல் ஊருக்குள் வந்துவிடாமல் இருக்கக் கரையில் நின்று பாடுகிறாளே, அவளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவளுக்கு விடுதலை அந்தப் பாட்டுக்கு வெளியில் இல்லை, அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மேலும், நடைமுறையாக யோசித்தால், நான் வந்து என்ன செய்வது? எனக்குப் பாட வராது. எழுதத்தான் வரும், இப்போது அதுவும் வருவதில்லை. அப்பா பாட்டுக்குத்தான் சாப்பிடுகிறார் என்றால் நான் அவரைப் பட்டினி போட்டுவிடுவேன்.

மன்னித்துக்கொள். உனக்காகத் தினமும் அமர்ந்து நினைக்கிறேன்.

தம்பி

பி.கு. ஒன்று கேட்க வேண்டும். அந்த மூன்று தட்டும் ஒரே சீராக விழுகின்றனவா? தட்டி முடித்ததும் கை விரிந்தபடி அசையாமல் இருக்கிறதா? எப்போதுமே மூன்றாவது அடியில்தானா?

*

பிப்ரவரி 26

சாமியாருக்கு,

உன் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். என்ன வார்த்தை, என்ன பக்குவம். பாட்டுக்குள்ளே விடுதலை இருக்கிறதாமே, எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. படுக்கை விரிப்பு மாற்றும்போது தேடிப் பார்க்கிறேன்.

உன்னை மாதிரி எனக்கும் உட்கார ஆசைதான். இந்த வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பில் ஏதாவது தீயும். நாலு வருஷமாகச் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் இந்த அறையைத் தவிர வேறு எங்கும் இருந்ததில்லை. கூட வேலை பார்க்கிற பெண்ணின் கல்யாண வரவேற்புக்குப் போய், நாற்காலியில் உட்காராமலே கையைக் குலுக்கிவிட்டு ஓடிவந்தேன். ஐந்தரை மணி ஆனாலே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். நேற்று பஸ் வழியில் நின்றுவிட்டது. இறங்கி ஓடினேன். செருப்பு அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து பாடினேன். இதுதான் என் தவம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் வெறும் கடமைக்குப் பாடவில்லை. பின்பக்கத்து அறையில் அப்பா பன்னிரண்டு பேரை வைத்துப் பாட்டுப் பயிற்சி கொடுத்தாரே, அந்தக் கதவு எனக்குத் திறந்ததே இல்லை. உன்னைப் பத்து வயதிலேயே உள்ளே உட்கார வைத்துக்கொண்டார். நான் ஒரு தடவை கேட்டதற்கு, "உன் குரல் வீட்டுக்குப் போதும்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காது வைத்துக் கற்றுக்கொண்டதுதான் எனக்குத் தெரிந்த அத்தனை பாட்டும். அப்படிப்பட்ட மனிதர் இன்று என் பாட்டுக்குத் தாளம் போடுகிறார். இந்த நாலு வருஷத்தில் எனக்கென்று கிடைத்தது அந்த மூன்று தட்டுதான்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், சீராகத்தான் விழுகின்றன. ஆமாம், கை விரிந்து அப்படியே இருக்கும். பெரும்பாலும் மூன்றாவது அடியில்தான். "நிறுத்தினால் ஊர் மூழ்கும் என்று நிறுத்தாமல் பாடுகிறாள்" என்று வருமே, அங்கே. எதற்குக் கேட்கிறாய்? இதை வைத்துக் கவிதை எழுதப் போகிறாயா?

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியது சரிதான்.

என் வேலையைப் பற்றி உனக்கு எழுதியதே இல்லை. இங்கே பத்து நாள் மௌனத்துக்காக ஆட்கள் வருகிறார்கள். தினமும் அவர்களுடைய விரிப்புகளையும் தலையணை உறைகளையும் நான்தான் துவைக்கிறேன். முதல் மூன்று நாள் உறைகள் சுத்தமாக இருக்கும். நாலாம் நாளிலிருந்து உப்புக் கறை. பேச்சை நிறுத்தினால் அமைதி வந்துவிடும் என்று நம்பி வருகிறார்கள். அழுகைதான் முதலில் வருகிறது. அதன்பிறகு சிலருக்கு ஏதோ கிடைக்கிறது, முகத்தில் தெரியும். ஒன்பது வருஷமாக நான் துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஓர் அம்மாள் தியான அறையில் உதடு அசைய அசைய ஏதோ வேண்டிக்கொண்டே இருந்தார். மணி அடித்தும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. நம் வேண்டுதல்களில் பாதி இப்படித்தானோ என்று யோசித்தேன். கேட்பவர் வேண்டும் என்று கேட்டதனால் பாடுகிறோமா, நமக்கு நிறுத்தப் பயமாக இருப்பதனால் பாடுகிறோமா?

நீ ஒரே ஒரு நாள் பாடாமல் இருந்து பாரேன். சும்மா, என்ன ஆகிறது என்று பார்க்க.

தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

பாடாமல் இருந்து பார்ப்பதா? சோறு இறங்காமல் போனால் நீ வந்து குழாய் போடுவாயா? துணி துவைக்கிறவனுக்குச் சோதனை செய்து பார்க்க என் அப்பாதான் கிடைத்தாரா?

போன வாரம் வேறு பாட்டுப் பாடிப் பார்த்தேன், ஒரு மாறுதலுக்கு. அதற்கும் தட்டினார். இன்னும் சீக்கிரமாகவே தட்டினார். வாயையும் உடனே திறந்தார். எந்தப் பாட்டாக இருந்தாலும் என் குரல்தான் அவருக்கு வேண்டும் என்று புரிந்துகொண்டேன். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முதுகில் யாரோ கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. வேறு ஆளிடம் விட்டுவிட்டுப் போக வழியே இல்லை.

ஆள் வைத்துப் பார்க்கலாமே என்று மாடி டீச்சர் சொன்னார். "ஊட்டுறதுக்கு ஆள் கிடைக்கும் டீச்சர், பாடுறதுக்கு யார் கிடைப்பா?" என்றேன். அவர், "நீ கடைசியா எப்போம்மா நல்லா தூங்கின?" என்று கேட்டார். ஞாபகம் இல்லை. தூக்கத்திலும் ஏழு மணி ஆகிவிட்டதா என்றுதான் பார்க்கிறேன்.

வர இயலாது என்று இசைப் பள்ளிக்குக் கடிதம் எழுதி ஒட்டி வைத்துவிட்டேன். மார்ச் முப்பதாம் தேதி தபாலில் போடுவேன். பத்து நாள் எதற்கு வைத்திருக்கிறேன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. இனி உன்னை வரச்சொல்லிக் கேட்க மாட்டேன். நீயும் எனக்காக உட்கார வேண்டாம்.

அக்கா

*

மார்ச் 25

அக்கா,

இந்தக் கடிதத்தை இங்கிருந்து கிளம்புகிற ஒருவர் கையில் கொடுத்து, கீழே போனதும் விரைவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். மாதத்தின் இரண்டாவது கடிதம், விதிக்கு விரோதம். பொறுப்பாளரிடம் சொல்லவில்லை.

அது தாளம் இல்லை அக்கா.

பயிற்சி அறைக்குள் அப்பா வாயால் அதிகம் பேசமாட்டார். எல்லாம் கைதான். ஒற்றை விரலைத் தூக்கினால், முதலிலிருந்து பாடு என்று அர்த்தம். மேஜையில் மூன்று தட்டுத் தட்டி உள்ளங்கையை விரித்து வைத்தால், நிறுத்து என்று அர்த்தம். பன்னிரண்டு பேரும் அந்த நிமிஷமே வாயை மூடுவார்கள். உள்ளே இருந்த எல்லோருக்கும் இது தெரியும். நீ கதவுக்கு வெளியே நின்றாய். பாட்டு உனக்குக் கேட்டது, அந்தச் சத்தத்தில் தட்டு கேட்கவில்லை, கை தெரியவில்லை.

தட்டுவதைப் பற்றி நீ எழுதிய முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உறுதி செய்துகொள்ளத்தான் அந்தப் பின்குறிப்பு. உறுதியும் ஆகிவிட்டது. அதன்பிறகும் உன்னிடம் சொல்லவில்லை. என்ன காரணம் தெரியுமா? நீ வலி தாங்கமாட்டாய் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அப்பாவுக்குப் பாட்டு வேண்டும், எனக்குப் பாட வராது. இந்த ஒரு சாக்கில்தான் நாலு வருஷமாக இங்கே நிம்மதியாக இருக்கிறேன். பாட்டே வேண்டாம் என்றால் அவரை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், நான்கூட. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். மௌனம் எனக்கு நன்றாக உதவியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உண்மையைத் தேடி வீட்டை விட்டுப் போனேன் என்று உன்னிடம் சொன்னேனே, அதுவும் பொய்தான். அந்தக் கடல் பாட்டை அப்பா முதல்முதலாகப் பாட வைத்த நாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாவது அடியில் மூன்று தட்டு விழுந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். அப்பா என்னைப் பார்த்து, "அவ எப்போடா தூங்குவா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "ஒரு பொம்பளையக் கொண்டுபோய்க் கரையில நிக்க வெச்சிட்ட. பாடுறா, பாடுறா, பாடிக்கிட்டே இருக்கா. அழகாத்தான் இருக்கு. அவளைத் தூங்க வைக்க உனக்கு ஒரு வரி கிடைக்கலையா?" என்றார். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வாரமே கிளம்பி இங்கே வந்தேன், பத்து நாளைக்கு என்று. அந்த ஒரு வரி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அம்மா அந்தக் கதையின் முடிவை நமக்குச் சொன்னதே இல்லை, கவனித்திருக்கிறாயா? சொல்வதற்குள் நாம் தூங்கிவிடுவோம். முடிவு வரை கேட்டவர் அப்பா ஒருவர்தான்.

கடவுளும் இப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கிறாரோ என்று இரண்டு நாளாகத் தோன்றுகிறது. போதும், நிறுத்து, கொஞ்சம் தூங்கு என்று அவர் தட்ட, நாம் அதைத் தாளம் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கிறோமோ என்னவோ.

ஒட்டி வைத்த கடிதத்தைப் போடாதே.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் கடிதம் இருபத்தெட்டாம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுதக் கை வரவில்லை.

படித்ததும் உன்மேல்தான் கோபம் வந்தது. அவனுக்கு வர மனசில்லை, அதனால் கதை கட்டுகிறான் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமும் வழக்கம்போலப் பாடினேன். உன்மேல் இருந்த ஆத்திரத்தில் இன்னும் சத்தமாகப் பாடினேன். அவர் தட்டினார். இந்தத் தடவை கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன். நாலு வருஷமாக நான் கையைத்தான் பார்த்திருக்கிறேன். முகத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டு, எப்போது முடியும் என்று காத்திருந்தார். பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி.

பாட்டுக்காக அவர் வாயைத் திறக்கவில்லை. பாட்டு நிற்கட்டும் என்று திறந்திருக்கிறார். சாப்பிட்டால் நான் நிறுத்துவேன் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார் மனுஷன். மூடினால் மறுபடி ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்து, மறுபடி திறந்திருக்கிறார். இதைத்தான் நான் பெருமையாக உனக்கு எழுதினேன். படிக்கும்போது உனக்கு எப்படி இருந்திருக்கும்.

மறுநாள் பாடவில்லை. தட்டை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தார். தட்டுவதற்குத் தயாராகக் கை கம்பிக்குப் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. கால் மணி நேரம், அரை மணி நேரம் ஆயிற்று. சோறு ஆறிப்போனது. ஆரம்பித்துவிடலாமா, ஒரு வரி, மெதுவாக, என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நாற்பது நிமிஷம் இருக்கும். அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். தானாகவே வாயைத் திறந்தார். முழுத் தட்டும் சாப்பிட்டார்.

அப்புறம் கேட்டேன். ஆமாம் என்றால் ஒரு தடவை கண்ணை மூடித் திறக்க வேண்டும், இல்லை என்றால் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று உடற்பயிற்சிக்காரர் என்றைக்கோ பழக்கிவிட்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, திரும்பிப் படுக்க வேண்டுமா. இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் நான் அவரிடம் கேட்டதே இல்லை. "அப்பா, நான் பாடுறதை நிறுத்தச் சொன்னீங்களா? இத்தனை நாளும்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு ஒரு தடவை மூடித் திறந்தார்.

அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் குரல் வீட்டுக்காவது போதும் என்று சொன்னாரே என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கும் வேண்டாம் போலிருக்கிறது. நாற்பத்தாறு வயதில் இப்படி அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அழுது முடித்து வந்து பார்த்தால் அவர் தூங்கியிருந்தார். முகம் அவ்வளவு சாந்தமாக இருந்தது. நானும் ஏழே முக்காலுக்குப் படுத்தேன். விழித்தபோது அறை முழுக்க வெயில். மாடி டீச்சர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஊர் மூழ்கவில்லை. ஒன்றுமே ஆகவில்லை.

முப்பதாம் தேதி அந்த ஒட்டிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். வருகிறேன் என்று வேறு எழுதிப் போட்டுவிட்டேன்.

இப்போது உன் விஷயம். பாட வராது, ஆகையால் வரமாட்டேன் என்றாய். அப்பாவுக்கு வேண்டியது பாட்டு இல்லை. பக்கத்தில் பேசாமல் உட்காருகிற ஓர் ஆள். இந்த உலகத்தில் அதற்கென்றே ஒன்பது வருஷம் படித்தவன் நீ ஒருத்தன்தான் எனக்குத் தெரிந்து. விரிப்பு துவைக்கவும் தெரியும். மே முதல் தேதி மத்தியானம் நான் கிளம்புகிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று எழுத மாட்டேன். வா.

அக்கா

*

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

வருகிறேன். மே முதல் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சேருகிற பஸ்.

பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். தடுப்பார், பேசுவார் என்று எதிர்பார்த்து ஒரு வாரமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். "சரி, போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து கேட்டைப் பார்த்தேன். அதற்குப் பூட்டே கிடையாது. ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன், பூட்டு இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. போக இடம் இல்லை என்பதைத்தான் துறவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயமாக இருக்கிறது. அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? கட்டில் கம்பியில் மூன்று தட்டுத் தட்டினால்? எதற்காக ஓடிவந்தேனோ அதே கையின் பக்கத்தில் தினமும் உட்கார வேண்டும்.

பழைய பாட்டை எடுத்து மூன்றாவது அடியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் எழுத ஒன்றும் வரவில்லை. காலியாக இருக்கிறது. காலியாகவே எடுத்துவருகிறேன்.

உன்னைப் பார்க்க முடியாமல் போகிறதே என்றுதான் வருத்தம். நீ மத்தியானம், நான் சாயங்காலம்.

தம்பி

*

மே 1, மத்தியானம்

தம்பிக்கு,

சாவிக்கு அடியில் இதை வைத்துவிட்டுப் போகிறேன். நீ வரும்வரை மாடி டீச்சர் உட்கார்ந்திருப்பார். அவர் நிறையப் பேசுவார், உனக்குப் பழக்கம் இருக்காது, பொறுத்துக்கொள்.

மாத்திரை எல்லாம் நேரம் எழுதி டப்பாவில் இருக்கிறது. சோற்றை நன்றாகக் குழைத்துவிடு. இடப்பக்கமாகச் சாய்த்து வைத்து ஊட்டு, இல்லாவிட்டால் புரையேறும். விரிப்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றினால் போதும். நீ தினமும் மாற்றுவாய், தெரியும். தண்ணீரும் வலியும் தவிர வேறு ஏதாவது கேள். அவரிடம் சொல்ல நிறைய இருக்கிறது, நாம்தான் கேட்கவில்லை. முந்தாநாள் அம்மா கதையைக் கேட்டேன். "கடைசியில அவ தூங்கிடுவாளாப்பா?" என்றேன். மூடித் திறந்தார். "கடல் உள்ளே வந்துடுச்சா?" என்றேன். கண்ணைத் திறந்தபடியே வைத்திருந்தார். மீதியை நீ கேட்டுக்கொள்.

பன்னிரண்டரை மணி பஸ்ஸைத் தவறவிட்டேன். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுத நேரம் கிடைத்தது. அடுத்தது ஒன்றரைக்கு.

ஏன் தவறவிட்டேன் என்றால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "போயிட்டு வரேம்பா. அவன் சாயங்காலம் வந்துடுவான்" என்றேன். கையைத் தூக்கினார். தட்டப் போகிறார், ஏன்தான் பேசினோமோ என்று நினைத்தேன். தட்டவில்லை. ஒற்றை விரல் நின்றது.

எனக்கு உடனே பிடிபடவில்லை. நடுக்கமோ என்று நினைத்தேன். விரல் இறங்காமல் அப்படியே நின்றது. முதலிலிருந்து பாடு என்பதற்கு அதுதானே சைகை? நீதான் எழுதியிருந்தாய். எழுதிக் கேட்க நேரமில்லை, அதனால் அவரையே கேட்டேன். "பாடணுமாப்பா? நானா?" மூடித் திறந்தார்.

பையை இறக்காமலே நின்றுகொண்டு பாடினேன். ஒரு மாதமாகப் பாடாத தொண்டை, முதல் வரியில் பிசிறியது. மூன்றாவது அடியில் உன் வரியைத்தான் பாடினேன், வேறு வரி இல்லையே. அவர் கையையே பார்த்துக்கொண்டு பாடினேன். கம்பி மேல்தான் இருந்தது. அசையவில்லை. கடைசி வரைக்கும் கேட்டார். பயிற்சி அறைக்குள் உட்கார்ந்து பாடினால் எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்துப் பார்ப்பேன். இப்படித்தான் இருந்திருக்கும்.

முடித்ததும் மறுபடி விரலைத் தூக்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முடியாதுப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். இந்த வீட்டில் நான் அவரிடம் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஒரு தடவை மூடித் திறந்தார். அப்புறம் மூடிய கண்ணைத் திறக்கவில்லை, தூங்கிவிட்டார்.

இப்போதும் தூங்குகிறார். நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறேன். நீ வந்ததும் மெதுவாகத் திற.

அக்கா